மாங்கூழ் ஆலையில் முதல் பிராஜெக்ட்: புதிதாகப் பொறுப்பேற்பவன் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பர்கூர்ப் பையன் | டிசம்பர் 5, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில் ஆறு வருடமாக மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. போன வாரம் முதலாளி கூப்பிட்டு, "புதுசா ஒரு அசெப்டிக் லைன் போடறோம், நீதான் முன்னால நின்னு முடிக்கணும்" என்று சொல்லிவிட்டார். விசிட்டிங் கார்டில் பிராஜெக்ட் மேனேஜர் என்று போட்டும் கொடுத்துவிட்டார்கள்.

வேலை இதுதான்: கிருமி புகாமல் கூழை டிரம்மில் நிரப்பும் லைன். புதிய ஃபில்லர் (நிரப்பும் இயந்திரம்), ஸ்டெரிலைசர் (கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்குவது), அதற்கு நீராவி தர இன்னொரு பாய்லர், கூடுதல் மின் இணைப்பு, கழிவுநீர் சுத்திகரிப்பில் ஒரு புதிய தொட்டி. ஏப்ரல் 10-க்குள் எல்லாம் ஓட வேண்டும். மாத முடிவில் அல்போன்சா வர ஆரம்பித்துவிடும், அப்புறம் ஜூன், ஜூலையில் பெங்களூரா லாரி லாரியாக வந்து நிற்கும். அந்த நேரத்தில் லைன் தயாராக இல்லை என்றால் ஒரு வருடமே போய்விடும்.

ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், பம்ப் சத்தத்தைக் கேட்டே பேரிங் போய்விட்டது என்று சொல்வேன். ஆனால் இத்தனை வேலையை ஒன்றாக நடத்திய பழக்கம் இல்லை. எந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள வேண்டும்? எக்செல் ஓரளவு தெரியும். நண்பன் ஒருவன் பிராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பி சர்டிபிகேட் படி என்கிறான். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

அத்திப்பள்ளி பஸ் | டிசம்பர் 5, இரவு 10.15

வாழ்த்துகள் நண்பா. நான் ஓசூரிலிருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டி போய் வருகிறேன், சாஃப்ட்வேர் டீம் ஒன்றை நடத்துகிறேன். ட்ரெல்லோவில் ஒரு போர்டு திறங்கள். செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை என்று மூன்று வரிசை. ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு. இது கான்பான் முறை, டொயோட்டா ஆலையில் பிறந்தது. இலவசம், போனிலேயே ஓடும். நடப்பவை வரிசையில் ஒரே நேரத்தில் இத்தனை கார்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் இதன் உயிர்.

பிஎம்பி இப்போது வேண்டாம். பட்டப்படிப்பு இருந்தாலே 36 மாதம் பிராஜெக்ட் நடத்திய அனுபவம் கேட்பார்கள், டிப்ளமோவுக்கு அதைவிட அதிகம். இந்த வேலையை முடித்துவிட்டு அதைப் பற்றி யோசிக்கலாம்.

டூல்ரூம் ஓசூர் | டிசம்பர் 6, காலை 6.50

தம்பி, சாஃப்ட்வேர் இரண்டாவது. முதலில் ஒரு ஏ4 தாள் எடுத்து "முடிந்தது என்றால் என்ன" என்று எழுதுங்கள். லைன் ஓடினால் முடிந்ததா? மணிக்கு எத்தனை டன் ஓடினால்? எத்தனை டிரம் நிரப்பிக் காட்டினால்? பழைய பாய்லரோடு புதியதை இணைப்பது உங்கள் வேலையா, வேறொருவர் வேலையா? டிரம் அடுக்கும் ஷெட் இதில் சேர்த்தியா? எது சேராது என்பதையும் எழுதுங்கள். முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள், நல்ல முதலாளிகள் இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள்.

இரண்டாவது, அந்தத் தாளை உடைக்க வேண்டும். லைன் என்பதை ஃபில்லர், பாய்லர், மின்சாரம், கழிவுநீர், தரைத்தளம் என்று ஐந்தாக்குங்கள். ஒவ்வொன்றையும் மறுபடி உடையுங்கள். ஒரு ஆள் பொறுப்பேற்று, ஒன்றிரண்டு வாரத்தில் முடித்து, "முடிஞ்சது" என்று கை காட்டும் அளவுக்கு வந்தால் போதும். இதை டபிள்யூபிஎஸ் என்பார்கள். பெயரை மறந்தாலும் பரவாயில்லை, உடைக்காமல் மட்டும் விடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் முதல் பிராஜெக்டில் எம்எஸ் பிராஜெக்ட் என்ற அட்டவணை சாஃப்ட்வேரில் 140 வரி போட்டேன். கலர் கலராகப் பட்டைகள். ஒரு வாகன உதிரிபாகத்துக்கு டை (பாகத்தை அடித்து எடுக்கும் அச்சு) செய்யும் வேலை. டை வந்தது, பாகம் அடித்தோம், அளவு சரியாக இருந்தது. வாடிக்கையாளர் வந்து, "செக்கிங் ஃபிக்ஸ்சர் எங்கே?" என்றார். பாகத்தை வைத்து அளவு சரிபார்க்கும் சாதனம் அது. 140 வரியில் அந்த ஒரு வரி இல்லை. அதைச் செய்து முடிக்க ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் முடிந்த டை அலமாரியில் எண்ணெய் தடவிக் கிடந்தது. இன்றைக்கும் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும், "இதை எதை வைத்து ஒப்புக்கொள்வார்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

கம்பிகட்டி | டிசம்பர் 6, மதியம் 2.05

ஊத்தங்கரைப் பக்கம் சிவில் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவன் நான். ஓசூர் அண்ணன் சொன்னதெல்லாம் சரி. நாள் கணக்கை எப்படி வாங்குவது என்பதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதில்தான் அடிபட்டேன்.

காரிமங்கலம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். முதல் மாடி ஸ்லாப். சென்ட்ரிங் பலகை மேல் நின்றுகொண்டு மேஸ்திரியிடம் கேட்டேன், கான்கிரீட் எப்போ போடலாம் என்று. தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஆறு நாள்ல போட்டுடலாங்க, கம்பி வளைச்சு வந்துட்டா" என்றார். நான் டைரியில் 6 என்று எழுதினேன். ரெடிமிக்ஸ் வண்டிக்குச் சொன்னேன், கான்கிரீட் ஆட்களுக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். 19 நாள் ஆனது. கம்பி வளைக்கிற ஆள் வேறொரு சைட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரியிடம் கோபப்பட்டேன். "நான்தான் சொன்னேனே, வளைச்சு வந்துட்டான்னு" என்றார். அவர் முழு வாக்கியம் சொல்லியிருக்கிறார், நான் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன்.

அன்றிலிருந்து நீள சைஸ் நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். இடப்பக்கம் வேலையும் நாளும். வலப்பக்கம் அந்த "வந்தா, கிடைச்சா, காய்ஞ்சா, இருந்தா" எல்லாம். ஒவ்வொரு "ஆ"வுக்கும் எதிரில் யார் அதைக் கொண்டுவர வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதுவேன். நம் ஆட்கள் யாரும் வெறும் எண்ணைச் சொல்வதில்லை. கேஸ்கட் வந்தா, கரண்ட் இருந்தா, மழை இல்லாட்டி. நாம்தான் காதில் வாங்காமல் விடுகிறோம்.

இன்னொன்று. வேலை செய்யப்போகிற ஆளிடமே கேளுங்கள். கம்பெனி சேல்ஸ் ஆள் சொல்கிற நாளும் ஃபிட்டர் சொல்கிற நாளும் ஒன்றாக இருக்காது.

பர்கூர்ப் பையன் | டிசம்பர் 9, இரவு 11.20

மூன்று நாளாக எல்லோரையும் நேரில் போய்ப் பார்த்தேன். கம்பிகட்டி அண்ணன் சொன்னபடி இரண்டு பக்கமும் எழுதினேன். வலப்பக்கம்தான் சீக்கிரம் நிரம்புகிறது. இதுவரை வந்த கணக்கு:

தரைத்தளம், அஸ்திவாரம்: 20 நாள், அப்புறம் 7 நாள் தண்ணீர் ஊற்றி ஆற வைக்க.
ஃபில்லர்: ஆர்டர் கொடுத்ததிலிருந்து வந்து இறங்க 70 நாள் (அட்வான்ஸ் போய்ச் சேர்ந்தா, டிராயிங் ஒப்புதல் ஒரு வாரத்தில் கொடுத்தா).
ஃபில்லரை நிறுத்தி மட்டம் பார்க்க: 12 நாள் (கிரேன் கிடைச்சா).
ஸ்டீல் பைப் வேலை: 15 நாள் (நாலு வெல்டர் இருந்தா).
பாய்லர்: வர 60, நிறுத்த 15, இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சான்று தர 15.
மின்சாரம்: கூடுதல் லோடு கிடைக்க 60, பேனல் வேலை 20.
கழிவுநீர்த் தொட்டி: கட்ட 40, தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்க 14, மோட்டார், புளோயர் (காற்று ஊதும் இயந்திரம்) மாட்ட 15.
கடைசியில் தண்ணீர் விட்டும் பழம் விட்டும் டிரையல்: 7 நாள்.

எல்லாவற்றையும் கூட்டினால் 370 நாளாகிறது. அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

டூல்ரூம் ஓசூர் | டிசம்பர் 10, காலை 6.30

கூட்டக் கூடாது தம்பி, கோர்க்க வேண்டும். எது முடிந்தால் எது தொடங்கும் என்று அம்பு போடுங்கள். ஃபில்லர் செய்து வருகிற 70 நாளில் இங்கே தரை, பாய்லர், மின்சாரம், தொட்டி எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்.

ஃபில்லர் பாதை: 70 + 12 + 15 = 97.
பாய்லர் பாதை: 60 + 15 + 15 = 90.
மின்சாரம்: 60 + 20 = 80.
தொட்டி: 40 + 14 + 15 = 69.
தரை: 27, ஆனால் ஃபில்லர் வருகிற 70-ஆம் நாளுக்குள் முடிந்தால் போதும்.

நீளமான பாதை 97. அதோடு டிரையல் 7 சேர்த்தால் 104. இன்றைக்கே ஆர்டர் போனால் மார்ச் 24. ஏப்ரல் 10-க்கு முன்னால் 17 நாள் கையில் இருக்கிறது. மூச்சு வந்ததா?

இந்த நீளமான பாதையைத்தான் கிரிட்டிகல் பாத் என்கிறார்கள். 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் டூபான்ட் என்ற ரசாயன நிறுவனம், ஆலை கட்டவும் பராமரிப்புக்கு நிறுத்தி ஓட்டவும் ஒரு கணக்கு வேண்டும் என்று ரெமிங்டன் ராண்ட் கம்ப்யூட்டர்காரர்களோடு சேர்ந்து 1957-இல் உருவாக்கியது. உங்களைப் போல ஆலையில் நிற்பவர்களுக்காகவே பிறந்த முறை. அதற்கு முன்னாலேயே 1910-களில் கான்ட் என்பவர் பட்டை அட்டவணையைப் பரப்பியிருந்தார். அந்தப் பட்டையில் நாள் தெரியும், ஆனால் எந்த வேலை எதைப் பிடித்து நிறுத்துகிறது என்பது பழைய வடிவில் தெரியாது. அம்பு போட்டால்தான் தெரியும்.

இப்போது ஒவ்வொரு பாதைக்கும் எவ்வளவு நெளிவு இருக்கிறது என்று பாருங்கள். பாய்லர் 7 நாள் தாமதித்தால் ஒன்றும் ஆகாது. மின்சாரம் 17 நாள். தொட்டி 28 நாள். தரை 43 நாள். ஃபில்லர் ஒரு நாள் தாமதித்தால் எல்லாமே ஒரு நாள் தள்ளும். காலையில் ஆலைக்குள் நுழைந்ததும் முதல் போன் யாருக்கு என்பதை இந்த எண்கள் சொல்லிவிடும்.

அத்திப்பள்ளி பஸ் | டிசம்பர் 10, காலை 9.10

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. 104 நாளுக்கும் இன்றைக்கே கோடு போட்டு வைப்பது சரியா? பத்தாவது நாளே ஏதாவது மாறும். எங்கள் துறையில் இதே அனுபவத்தில்தான் 2001-இல் 17 பேர் உட்கார்ந்து அஜைல் அறிக்கை எழுதினார்கள். திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது முக்கியம் என்பது அதில் ஒரு வரி. இரண்டு வாரம் இரண்டு வாரமாகப் போங்கள் என்பதுதான் என் யோசனை.

டூல்ரூம் ஓசூர் | டிசம்பர் 10, மதியம் 1.00

சாஃப்ட்வேரில் தவறாகப் போனால் மறுநாள் திருத்தி ஏற்றலாம். ஃபில்லருக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு மனம் மாற முடியாது. கான்கிரீட் போட்ட பிறகு அஸ்திவாரத்தை இரண்டு அடி தள்ள முடியாது. 70 நாள் எடுக்கிற பொருளை இரண்டு வாரத் திட்டத்தில் எங்கே வைப்பீர்கள்?

ஆனால் உங்கள் பேச்சில் பாதி சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். பெரிய கோடு 104 நாளுக்கும் வேண்டும். அடுத்த இரண்டு வாரத்துக்கு மட்டும் நாள் நாளாக, ஆள் ஆளாக உடைத்த அட்டவணை வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைப் புதிதாக எழுத வேண்டும். தம்பிக்கு இரண்டும் தேவை. ட்ரெல்லோ போர்டு அந்த இரண்டு வாரத்துக்கு நன்றாகவே உதவும்.

கம்பிகட்டி | டிசம்பர் 10, இரவு 8.45

கணக்கில் இரண்டு திருத்தம்.

ஒன்று, நம் கடைகளில் பெரும்பாலும் பிபிசி என்கிற கலப்பு சிமென்ட்தான். கலப்பு சிமென்டுக்கு 10 நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது விதி, 7 நாள் ஓபிசி என்கிற சாதாரண சிமென்டுக்கு. தரை 27 இல்லை, 30. நெளிவு 43-இல் இருந்து 40 ஆகும், பாதகமில்லை. பொங்கலுக்கு ஆட்கள் ஐந்து நாள் வராவிட்டாலும் அதே கதைதான், அந்த 40-இல் கரைந்துவிடும்.

இரண்டாவதுதான் கனமானது. உங்கள் பைப் வெல்டர்கள் எந்த ஊர்? இங்கே ஸ்டீல் பைப் வேலைக்கு வருகிறவர்களில் பீகார், ஒடிசா பையன்கள் அதிகம். வருகிற ஹோலி மார்ச் தொடக்கத்தில். டிக்கெட் போட்டுவிட்டார்கள் என்றால் பத்து நாள் முகம் பார்க்க முடியாது. உங்கள் கணக்கில் பைப் வேலை மார்ச் 2 முதல் 17 வரை. ஹோலி நேராக அதன் தலையில் வந்து உட்காருகிறது.

பர்கூர்ப் பையன் | டிசம்பர் 10, இரவு 10.30

கேட்டேன். நான்கு பேரும் ஊருக்குப் போகிறார்கள். பிப்ரவரி 28-ஆம் தேதியே கிளம்ப முடிவு செய்திருக்கிறார்களாம். நான் கேட்கும் வரை யாரும் சொல்லவில்லை.

டூல்ரூம் ஓசூர் | டிசம்பர் 11, காலை 6.40

அப்போது மார்ச் 24 இல்லை, ஏப்ரல் 3. அதோடு இன்னொன்றும் பாருங்கள். ஃபில்லர் 70 நாள் என்பது ஒற்றை எண். அந்தக் கம்பெனியில் முன்பு வாங்கியவர்களிடம் விசாரித்து மூன்று எண் வாங்குங்கள்: எல்லாம் கூடி வந்தால் எத்தனை, வழக்கமாக எத்தனை, மோசமாகப் போனால் எத்தனை.

பர்கூர்ப் பையன் | டிசம்பர் 12, இரவு 7.15

இரண்டு ஆலையில் விசாரித்தேன். சீக்கிரம் வந்தது 60, வழக்கம் 70, ஒருவருக்கு 110 நாள் ஆகியிருக்கிறது.

டூல்ரூம் ஓசூர் | டிசம்பர் 12, இரவு 9.00

நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுங்கள். 60 + 280 + 110 = 450. ஆறால் வகுத்தால் 75. இது பெர்ட் முறை, 1958-இல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கியது. ஆக இன்னும் 5 நாள். ஏப்ரல் 8. கையில் இருப்பது 17 நாள் அல்ல, 2 நாள்.

பயப்படாதீர்கள். டிசம்பரிலேயே தெரிந்ததால்தான் இதைச் சரிசெய்ய முடியும். மார்ச்சில் தெரிந்தால் ஓட மட்டும்தான் முடியும்.

குழாயடி | டிசம்பர் 13, காலை 11.25

தர்மபுரியிலிருந்து எழுதுகிறேன். குடிநீர்த் திட்டப் பணிகளில் இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி, உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். இயந்திரம் எல்லாம் இருக்கிறது. லைன் ஓட "சரி" சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் இல்லை. பாய்லர் இன்ஸ்பெக்டரை எழுதியிருக்கிறீர்கள், நல்லது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எங்கே? கட்டுவதற்கு முன் ஓர் இசைவு, ஓட்டுவதற்கு முன் ஓர் இசைவு. இரண்டும் தனித்தனி.

நம் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தெரியும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடி, பல்லில் கறையும் எலும்பு வளைவுமாகத் தலைமுறைகள் கஷ்டப்பட்ட ஊர்கள் இவை. 2008-இல் அடிக்கல், ஜப்பான் கடனுதவி, 2013 மே மாதம் திறப்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். இந்த மாதிரி நீளக் குழாய் வேலையில் குழாய் பதிப்பது நாள் கணக்கில் நடக்கும். சாலையை வெட்ட, ரயில் பாதையைக் கடக்க, காட்டு எல்லையில் நுழைய, ஒவ்வொன்றுக்கும் அனுமதி வாங்குவது மாதக் கணக்கில் நடக்கும். நான் பணியில் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி ஒரு தாளில் ஊர்ப் படம் வரைந்து, குழாய் போகும் கோட்டின் மேல் எங்கெல்லாம் வேறொருவர் நிலமோ அதிகாரமோ இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்புப் பொட்டு வைப்பார். வேலை தொடங்குவது சிவப்புப் பொட்டுகளில்தான், பள்ளம் தோண்டுவதில் அல்ல என்பார்.

நீங்களும் பொட்டு வையுங்கள். ஒவ்வொரு பொட்டுக்கும் நான்கு பேர்: செய்பவர் யார், அதற்குப் பதில் சொல்பவர் யார், யாரைக் கேட்டுச் செய்ய வேண்டும், யாருக்குச் சொன்னால் போதும். பதில் சொல்பவர் ஒரே ஒருவராக இருக்க வேண்டும். இரண்டு பேர் என்று எழுதினால் யாருமில்லை என்று அர்த்தம். முதலாளியின் தம்பி, ஷிப்ட் சூபர்வைசர், ஆலைக்குப் பின்னால் நிலம் வைத்திருப்பவர், எல்லோரையும் எழுதுங்கள். புதுத் தொட்டி தன் கிணற்றுக்கு ஆகாது என்று அவர் நினைத்தால் ஒரு மனு போதும். அதற்கு முன்னால் நீங்களே போய்ப் பேசிவிடுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பர்கூர்ப் பையன் | டிசம்பர் 13, இரவு 8.00

மேடம், மிக்க நன்றி. கட்டுவதற்கான இசைவு முதலாளி முன்பே வாங்கி வைத்திருக்கிறார். ஓட்டுவதற்கானதை யாருமே யோசிக்கவில்லை. தொட்டி முடிந்த பிறகுதான் அதற்கு வந்து பார்ப்பார்களாம். ஆலோசகர் 30 நாள் வைத்துக்கொள் என்கிறார்.

போட்டுப் பார்த்தேன். தொட்டிப் பாதை 69 + 30 = 99. முதல் கணக்கில் ஃபில்லர் பாதையே 97 தான். 28 நாள் நெளிவு இருக்கிறது, ஆற அமரச் செய்யலாம் என்று நான் கடைசியில் வைத்திருந்த வேலை முதல் வரிசைக்கு வந்துவிட்டது. கைநடுங்கிப் போய்விட்டேன். தொட்டி மேஸ்திரியிடம் "பொங்கல் கழிஞ்சு ஆரம்பிச்சுக்கலாம்" என்று நேற்றுத்தான் சொல்லியிருந்தேன். உடனே போன் செய்து திங்கட்கிழமையே குழி வெட்டச் சொல்லிவிட்டேன்.

பின்நிலத்துக்காரர் வீட்டுக்கு நாளை போகிறேன்.

டூல்ரூம் ஓசூர் | டிசம்பர் 14, காலை 7.10

அருமை. இப்போது ஃபில்லர் பாதையைச் சுருக்குவோம். பைப் வேலை 15 நாளும் ஃபில்லர் வந்த பிறகுதான் செய்ய வேண்டுமா? கம்பெனியிடம் நாசில் டிராயிங் (பைப் சேரும் வாய்கள் எங்கே என்று காட்டும் படம்) வாங்குங்கள். பெண்டு, டீ, ஃபிளாஞ்ச் எல்லாவற்றையும் ஜனவரி, பிப்ரவரியிலேயே ஷெட்டில் வெல்டிங் செய்து அடுக்கி வைக்கலாம். ஃபில்லர் வந்ததும் கடைசி ஜாயின்ட் மட்டும் அளவெடுத்து வெட்டிச் சேர்ப்பது. 15 நாள் ஒன்பதாகக் குறையும். ஹோலிக்குப் போகும் பையன்கள் போவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். ஒரு எச்சரிக்கை: டிராயிங்கும் இயந்திரமும் சில மில்லி வித்தியாசம் இருக்கும், அதனால் கடைசித் துண்டைச் சற்று நீளமாகவே விடுங்கள்.

கம்பிகட்டி | டிசம்பர் 14, இரவு 9.30

ரிஸ்க் பட்டியலும் எழுதிவிடு தம்பி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கிற நமக்குப் புயல் என்ன செய்யும் என்று சிமென்டைத் தரையிலேயே அடுக்கியிருந்தேன். எல்லாம் கல்லாகிவிட்டது. இப்போது என் சைட்டில் எந்தச் சிமென்ட் மூட்டையும் பலகை மேல்தான்.

எழுதும் முறை ஒன்று சொல்கிறேன். உன் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மேஸ்திரி எல்லோரையும் உட்கார வை. "இன்னிக்கு ஏப்ரல் 30, லைன் ஓடலை. ஏன் ஓடலை?" என்று கேள். "என்ன ஆபத்து வரும்" என்று கேட்டால் ஒன்றும் வராது சார் என்பார்கள். ஓடவில்லை, ஏன் என்று கேட்டால் கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.

பர்கூர்ப் பையன் | டிசம்பர் 18, இரவு 10.10

செய்தேன். கேன்டீனில் பதினோரு பேர். முதல் ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர், "ஜெனரேட்டர் பத்தாது சார், அதனால ஓடலை" என்றார். கரண்ட் போனால் பழைய லைனையும் புதிய லைனையும் சேர்த்துத் தாங்கும் ஜெனரேட்டர் எங்களிடம் இல்லை. ஸ்டெரிலைசர் நடுவில் நின்றால் உள்ளே இருக்கும் கூழ் எல்லாம் வீண், மறுபடி முதலிலிருந்து கழுவிச் சூடேற்ற வேண்டும். இது எந்தத் தாளிலும் இல்லை. அவரிடம் ஆறு வருடமாகத் தினமும் பேசுகிறேன், ஒரு முறைகூட இப்படிக் கேட்டதில்லை.

மொத்தம் 23 காரணம் வந்தது. நடக்க வாய்ப்பு அதிகமா, நடந்தால் அடி பலமா என்று இரண்டு கேள்வி போட்டு ஏழை மட்டும் மேலே வைத்திருக்கிறேன். ஏழுக்கும் ஆள் பெயர் எழுதிவிட்டேன். ஜெனரேட்டர் வாடகைக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அத்திப்பள்ளி பஸ் | டிசம்பர் 19, காலை 8.50

நல்ல முன்னேற்றம். தகவல் எங்கே ஓடுகிறது? வாட்ஸ்அப்பா?

பர்கூர்ப் பையன் | டிசம்பர் 19, மதியம் 1.40

ஆமாம், ஒரு குரூப் இருக்கிறது. பிரச்சினையும் அங்கேதான். நேற்று முதலாளி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார், சின்ன பேக் நிரப்பவும் ஒரு ஹெட் சேர்த்துக்கொள்ளலாம் என்று. கீழே நாற்பது குட் மார்னிங் படம். வெண்டார் அதைக் கேட்டுவிட்டு டிராயிங்கை நிறுத்திவிட்டார்.

குழாயடி | டிசம்பர் 19, மாலை 4.30

வாட்ஸ்அப்பை விட முடியாது, எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் முடிவு அங்கே இருக்கக் கூடாது. மாற்றக் குறிப்பேடு ஒன்று தொடங்குங்கள். என்ன மாற்றம், யார் கேட்டது, எத்தனை நாள் கூடும், எவ்வளவு பணம் கூடும், ஒப்புதல் கையெழுத்து. முதலாளியிடம் முடியாது என்று சொல்ல வேண்டாம். "செய்யலாங்க, 12 நாள் தள்ளும், இவ்வளவு கூடும், கையெழுத்துப் போடுங்க" என்று நோட்டை நீட்டுங்கள். முடிவு அவருடையது, விலையை அவர் கண்முன் வைப்பது உங்கள் கடமை.

பர்கூர்ப் பையன் | டிசம்பர் 20, இரவு 9.05

நீட்டினேன் மேடம். படித்துப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார். கோபமே படவில்லை. வெண்டார் மறுபடி தொடங்கிவிட்டார், இரண்டு நாள் போனதோடு சரி.

டூல்ரூம் ஓசூர் | ஜனவரி 19, காலை 7.00

பொங்கல் வாழ்த்துகள். செலவை எப்படிப் பார்க்கிறீர்கள் தம்பி? பில் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். உதாரணத்துக்கு ஒரு தொட்டிக்கு மொத்த மதிப்பீடு 12 லட்சம் என்று வைப்போம். இன்றைக்குள் 6 லட்சத்துக்கு வேலை நடந்திருக்க வேண்டும், நடந்திருப்பது 4.8 லட்சத்துக்கு, கையை விட்டுப் போன பணம் 6.4 லட்சம். 4.8-ஐ 6.4-ஆல் வகுத்தால் 0.75. கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் முக்கால் ரூபாய் வேலைதான் கிடைத்திருக்கிறது. இதே போக்கில் போனால் 12-ஐ 0.75-ஆல் வகுத்து 16 லட்சத்தில் முடியும். பாதியிலேயே இது தெரிந்தால் முதலாளியிடம் நேர்மையாகப் போய்ச் சொல்லலாம். பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், எக்செலில் மூன்று பத்தி போதும். அட்டவணைக்குப் பிராஜெக்ட்லிப்ரே இலவசமாகக் கிடைக்கிறது, அம்பெல்லாம் அதுவே போடும்.

பர்கூர்ப் பையன் | பிப்ரவரி 26, இரவு 11.45

ஃபில்லர் நேற்று வந்து இறங்கியது. 18-ஆம் தேதி வர வேண்டியது, ஏழு நாள் தாமதம். 75 என்று எடுத்துக்கொள்ளாமல் 70-ஐயே நம்பியிருந்தால் இன்றைக்கு நான் உடைந்துபோயிருப்பேன். ஷெட்டில் 60 சதவீதம் பைப் வெல்டிங் முடித்து, எண் எழுதி அடுக்கி வைத்திருக்கிறோம். வெல்டர்களில் இரண்டு பேர் ஊருக்குப் போகும் தேதியை மாற்றிக்கொண்டார்கள், முதலில் இரண்டு பேர் போய்விட்டு வந்த பிறகு இவர்கள் போவார்கள். டிக்கெட் மாற்றிய செலவை ஆலை கொடுத்தது.

தொட்டி ஒரு சொட்டுக் கசியவில்லை. பின்நிலத்துக்காரர் தினமும் வந்து எட்டிப் பார்க்கிறார். நேற்று அவரே ஒரு கூடை கொய்யா கொண்டுவந்து கொடுத்தார்.

கம்பிகட்டி | பிப்ரவரி 27, காலை 6.15

கிரேன்?

பர்கூர்ப் பையன் | பிப்ரவரி 27, காலை 6.40

வலப்பக்கத்தில் எழுதியிருந்தேன் அண்ணா. இரண்டு இடத்தில் சொல்லி வைத்திருந்தேன், ஒன்று வரவில்லை, இன்னொன்று வந்தது.

பர்கூர்ப் பையன் | மார்ச் 22, மாலை 6.20

கடைசி நிலவரம். ஃபில்லர் மட்டம் பார்த்தாயிற்று. பைப் எல்லாம் சேர்த்து பிரஷர் டெஸ்ட் நேற்று முடிந்தது, இரண்டு ஜாயின்ட் வியர்த்தது, அறுத்து மறுபடி அடித்தோம். பாய்லர் சான்று வந்துவிட்டது. வாடகை ஜெனரேட்டர் 25-ஆம் தேதி வரும்.

பாக்கி ஒன்றுதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து நாளை திங்கட்கிழமை வந்து தொட்டியைப் பார்க்கிறார்கள். தேவையான காகிதங்களை ஒரு கோப்பில் வரிசையாக அடுக்கிவிட்டேன். ஆய்வு நல்லபடி முடிந்து இசைவு கைக்கு வந்ததும் டிரையல் தொடங்குவோம். முதல் நாள் பொத்தானை அழுத்தச் சொல்லி அந்த எலக்ட்ரீஷியன் ஐயாவிடம் கேட்டிருக்கிறேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார்.

குழாயடி | மார்ச் 22, இரவு 7.45

கோப்பில் தொட்டிக் கசிவுப் பரிசோதனையின் தினசரி நீர்மட்டக் குறிப்பையும் வையுங்கள் தம்பி. அவர்கள் வரும் நேரத்தில் புளோயர் ஓடட்டும்.